எபிரேய வேதத்தில் போர்க்கொள்ளையும் அதன் கணக்கும்

போர்க்கொள்ளை என்பது வென்ற படை தோற்றவரிடமிருந்து கைப்பற்றும் கால்நடை, உலோகம், துணிமணி, சிறைபிடித்த மனிதர் ஆகிய அனைத்தையும் குறிக்கும். பண்டை மேற்காசியாவில் இது போரின் இயல்பான பலனாகக் கருதப்பட்டது. எபிரேய வேதமும் இந்த வழக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் வெற்றி தந்தவர் கடவுளே என்று கொள்வதால், கொள்ளைப்பொருளின் முதல் உரிமையும் அவருக்கே என்கிறது. வீரன் கையில் இருப்பது அவனிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். அதற்கு அவன் கணக்குச் சொல்ல வேண்டியவன். பல இடங்களில் போர் நடந்த விதம் இரண்டொரு வரிகளில் முடிந்துவிட, பொருளை எண்ணியதும் நிறுத்ததும் பங்கிட்டதும் பக்கம் பக்கமாக வருவதற்கு இதுவே காரணம்.

இந்த எண்ணத்தின் தொடக்கத்தை ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தில் காணலாம். சிறைப்பட்ட தன் சகோதரன் மகன் லோத்தை மீட்க ஆபிராம் 318 பேரோடு போய் வென்று திரும்புகிறார். சாலேமின் அரசரும் குருவுமான மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறார். ஆட்களை மட்டும் தந்துவிட்டுப் பொருளை வைத்துக்கொள்ளும்படி சோதோம் அரசன் சொன்னபோது, நூலோ செருப்பு வாரோ கூட வேண்டாம் என்று மறுக்கிறார். ஆனால் உடன்வந்த ஆநேர், எஸ்கோல், மம்ரே ஆகியோருக்கு உரிய பங்கு போய்ச் சேர வேண்டும் என்கிறார். தன் விரதத்தைப் பிறர் தலையில் சுமத்தாத இந்த நிதானம் கவனிக்கத்தக்கது.

சாபத்தீடு

சில போர்களில் கைப்பற்றியது எதையும் மனிதர் அனுபவிக்கக்கூடாது. உயிருள்ளவை கொல்லப்படும், பொருள் எரிக்கப்படும் அல்லது கடவுளின் கருவூலத்தில் சேரும். எபிரேயத்தில் ‘ஹெரெம்’ எனப்படும் இதைப் பழைய தமிழ் வேதாகமம் சாபத்தீடு என்கிறது. இவ்வழக்கம் இஸ்ரவேலருக்கு மட்டும் உரியதன்று. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மோவாப் மன்னன் மேசாவின் கல்வெட்டு 1868இல் யோர்தானின் தீபானில் கண்டெடுக்கப்பட்டு, இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. நேபோ ஊரைப் பிடித்து 7,000 பேரைக் கொன்று தன் தெய்வத்துக்கு அர்ப்பணித்ததை மேசா அதே சொல்லால் குறிப்பிடுகிறான். இஸ்ரவேலரின் கடவுளான யாவேயின் பாத்திரங்களைக் காமோஸ் தெய்வத்தின் முன் இழுத்துச் சென்றதாகவும் எழுதுகிறான்.

யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் பிடித்த எரிகோவில் இந்தச் சாபத்தீட்டுக் கட்டளையை மீறியவன் யூதா கோத்திரத்து ஆகான். அடுத்து ஆயி ஊரைத் தாக்கிய படை 36 பேரை இழந்து ஓடிவந்த பிறகே விசாரணை தொடங்குகிறது. கோத்திரம், வம்சம், குடும்பம் என்று சீட்டு சுருங்கிக்கொண்டே வந்து அவன் பெயரில் நிற்கிறது. அவன் எதையும் மறைக்காமல் சொல்கிறான்: பாபிலோனிய மேலாடை ஒன்று, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் எடையுள்ள பொன்பாளம். எல்லாம் கூடாரத்தின் நடுவே மண்ணில் புதைந்திருந்தன, வெள்ளி அடியில் இருந்தது. ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம் என்று கொண்டால், வெள்ளி இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம், பொன் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். ஆட்கள் ஓடிப்போய் அவற்றை எடுத்துவந்து எல்லார் முன்னிலையிலும் பரப்பி வைக்கிறார்கள். பிறகு ஆயியைப் பிடித்தபோது கால்நடையையும் பொருளையும் மக்கள் எடுத்துக்கொள்ளக் கடவுளே அனுமதிக்கிறார். ஆகவே ஆகானின் குற்றம் ஆசைப்பட்டதோடு நிற்கவில்லை. அது கடவுளின் கருவூலத்திலிருந்து திருடியதாகவே எண்ணப்பட்டது. அதற்கு அவன் பிள்ளைகளும் பலியானார்கள் என்பது வாசகரை இன்றும் உறுத்துகிறது. எரிகோவில் 1952–58இல் அகழாய்வு செய்த கேத்லீன் கென்யன், யோசுவாவின் காலமாகக் கருதப்படும் நாள்களில் அங்கே மதில் சூழ்ந்த நகரம் இருந்ததற்குச் சான்று காணவில்லை.

அரசர் சவுலும் இதே இடத்தில்தான் இடறினார். அமலேக்கியரின் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவிட்டு, பலியிடுவதற்காக வைத்ததாகத் தீர்க்கதரிசி சாமுவேலிடம் சாக்குச் சொன்னார். அரசுரிமை அவரை விட்டுப் போயிற்று.

மீதியானியர் போரின் கணக்கு

மிக விரிவான கணக்கு எண்ணாகமம் 31இல் உள்ளது. கோத்திரத்துக்கு ஆயிரம் பேராக 12,000 பேர் போய் வந்த போரில் கிடைத்தவை: ஆடுகள் 6,75,000, மாடுகள் 72,000, கழுதைகள் 61,000, கன்னிப்பெண்கள் 32,000. இவற்றை மோசேயும் குரு எலெயாசாரும் சரிபாதியாக்குகிறார்கள்: ஒரு பாதி போருக்குப் போனவர்களுக்கு, மறுபாதி பாளையத்தில் இருந்த மக்களுக்கு. வீரர்களின் பாதியில் 500க்கு ஒன்று எலெயாசார் வழியாகக் கடவுளுக்கு. மக்களின் பாதியில் 50க்கு ஒன்று லேவியருக்கு. உயிரைப் பணயம் வைத்தவர்மீது விழுந்த வரி, மற்றவர்மீதான வரியில் பத்தில் ஒரு பங்குதான். வீரர்களின் பாதியான 3,37,500 ஆடுகளிலிருந்து கடவுளுக்கு 675 என்று கணக்கு பிசகாமல் வருகிறது. பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு, தகரம், ஈயம் ஆகியவற்றை நெருப்பிலும், நெருப்புத் தாங்காதவற்றை நீரிலும் தூய்மையாக்க வேண்டும். வீரர்களும் ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே தங்க வேண்டும். ஆள்கணக்கு எடுத்து ஒருவரும் குறையவில்லை என்று கண்ட படைத்தலைவர்கள், தாமாகவே 16,750 சேக்கல் பொன்னைக் காணிக்கையாகக் கொண்டுவருகிறார்கள்.

இந்த நேர்த்தியைப் பாராட்டும்போதே ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இதே அதிகாரத்தில் சிறைப்பட்ட ஆண்பிள்ளைகளையும் மணமான பெண்களையும் கொல்ல மோசே உத்தரவிடுகிறார். எஞ்சிய சிறுமிகள் கழுதைகளை அடுத்து அதே பட்டியலில் எண்ணப்படுகிறார்கள். கணக்கு நேர்மையாக இருந்தது என்பதால் எண்ணப்பட்டவர்களுக்கு நேர்ந்த கொடுமை குறைந்துவிடாது. எண்களின் பெருக்கத்தைக் கண்டு, இப்பகுதி நடந்த போரின் பதிவைவிடப் பங்கீட்டு நெறியை நிறுவப் பிற்காலக் குருமார் எழுதியது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

பேசோர் ஆற்றங்கரை

தாவீதின் ஊரான சிக்லாகை அமலேக்கியர் எரித்து, பெண்களையும் பிள்ளைகளையும் கொண்டுபோன நிகழ்ச்சி 1 சாமுவேல் 30இல் வருகிறது. அவருடைய 600 பேரில் 200 பேர் களைத்துப்போய்ப் பேசோர் ஆற்றைக் கடக்க முடியாமல் மூட்டைமுடிச்சுகளுடன் தங்கிவிட, 400 பேர் துரத்திச் சென்று எல்லாவற்றையும் மீட்டார்கள். திரும்பியபோது, தங்கியவர்களுக்கு மனைவி மக்களைத் தவிர எதுவும் கிடையாது என்று சிலர் முறுக்கினார்கள். தாவீது இசையவில்லை. கடவுள் தந்ததைப் பற்றி அப்படிப் பேச நமக்கு உரிமையில்லை, போருக்குப் போனவனுக்கும் தளவாடங்களைக் காத்தவனுக்கும் சமபங்கு என்று தீர்த்தார். அது இஸ்ரவேலில் சட்டமாக நிலைத்தது. தன் பங்கிலிருந்து யூதாவின் மூப்பர்களுக்கும் அவர் அனுப்பினார். அதில் அரசியல் கணக்கும் இருந்திருக்கலாம். விரைவிலேயே எப்ரோனில் அவரை அரசராக்கியவர்கள் யூதாவின் மனிதர்தான்.

கருவூலமும் அதன் வீழ்ச்சியும்

அரசரான தாவீது எதிரி அரசன் ஆதாதேசரின் வீரர்களிடமிருந்து பொற்கேடயங்களையும் அவனுடைய பட்டணங்களிலிருந்து ஏராளமான வெண்கலத்தையும் கொண்டுவந்தார். ஆலயத்தின் வெண்கலக் கடல்தொட்டியும் தூண்களும் அந்த வெண்கலத்தில் செய்யப்பட்டவை என்கிறது நாளாகமம். ஆனால் சாலொமோனின் மகன் ரெகொபெயாமின் ஐந்தாம் ஆண்டிலேயே எகிப்தின் சீஷாக் கருவூலத்தை வாரிக்கொண்டு போனான். பின்னர் யூதா அரசன் யோவாஸ் காலத்தில் குரு யோய்தா, ஆலயத்தைப் பழுதுபார்க்கும் பணத்துக்காக ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பலிபீடத்தருகே வைத்தார். அதில் சேர்ந்த பணத்தை அரசனின் எழுத்தரும் தலைமைக் குருவும் சேர்ந்து எண்ணிப் பைகளில் கட்டினார்கள். வேலையை நடத்தியவர்கள் உண்மையாய் நடந்ததால் அவர்களிடம் கணக்கே கேட்கப்படவில்லை. ஆனால் பின்னர், சீரிய அரசன் ஆசகேலைத் திருப்பியனுப்ப, முன்னோர் அர்ப்பணித்தவற்றையெல்லாம் யோவாஸ் எடுத்துக் கொடுத்துவிடுகிறான்.

கொள்ளையைத் திருப்பித் தந்த நிகழ்ச்சி ஒன்று 2 நாளாகமம் 28இல் உண்டு. என் கணிப்பில் இந்தப் பொருள்பற்றிய பகுதிகளுள் உயர்ந்தது அதுவே. இஸ்ரவேலின் வடநாட்டுப் படை யூதாவிலிருந்து இரண்டு லட்சம் பெண்களையும் பிள்ளைகளையும் சமாரியாவுக்குக் கொண்டுவருகிறது. ஓதேத் என்ற தீர்க்கதரிசி எதிரே வந்து தடுக்கிறார்; எப்பிராயீம் தலைவர் நால்வர் அவர் பக்கம் நிற்கிறார்கள். வீரர்கள் கொள்ளையைக் கீழே வைக்கிறார்கள். அந்தக் கொள்ளைத் துணிகளையே எடுத்து ஆடையற்றவர்களுக்கு உடுத்தி, செருப்பு மாட்டி, உணவும் நீரும் கொடுத்து, எண்ணெய் பூசி, நடக்கமுடியாதவர்களைக் கழுதைமீது ஏற்றி எரிகோவில் உறவினரிடம் சேர்க்கிறார்கள்.

எருசலேமை அழித்த நேபுகாத்நேச்சார் கொண்டுபோன ஆலயப் பாத்திரங்களைப் பாரசீக மன்னன் கோரேசு திருப்பித் தந்தபோது, கருவூலக்காரன் மித்திரேதாத் அவற்றை எண்ணி யூதாவின் தலைவர் சேஸ்பாத்சாரிடம் ஒப்படைத்தான். மொத்தம் 5,400 என்கிறது எஸ்றா நூல். ஆனால் எபிரேய மூலத்தில் வகைவகையாகத் தரப்பட்ட எண்களைக் கூட்டினால் 2,499தான் வருகிறது. படியெடுத்தவர்களின் கையில் பட்டியல் சிதைந்திருக்க வேண்டும்.

பங்கீட்டு நெறி அதோடு முடிந்துவிடவில்லை. சாக்கடலருகே உள்ள கும்ரானின் 11ஆம் குகையிலிருந்து கிடைத்து, யிகாயேல் யாதின் 1977இல் பதிப்பித்த ஆலயச் சுருள், மோசேயின் பங்கீட்டையும் தாவீதின் தீர்ப்பையும் இணைக்கிறது. அதன்படி கொள்ளையில் அரசனுக்குப் பத்தில் ஒன்று, குருக்களுக்கு ஆயிரத்தில் ஒன்று, லேவியருக்கு நூற்றில் ஒன்று. மீதியில் பாதி போரிட்டவர்களுக்கு, பாதி ஊர்களில் தங்கிய அவர்களுடைய சகோதரருக்கு.