கேலக்ஸியின் விளிம்பில் பிறக்கும் நட்சத்திரங்கள்: ஆஸ்ட்ரோசாட் கண்டது என்ன?

ஒரு கேலக்ஸி எப்படி வளர்கிறது? நடுவிலிருந்து வெளியே பரவுதா, இல்லை வெளியிலிருந்து உள்ளே சேருதா? சிறிய கேலக்ஸிகளைப் பொறுத்தவரை இதற்கு ஒரு முக்கியமான துப்பு இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளிடமிருந்து கிடைத்தது. அந்த ஆய்வு 2022 ஜூலையில் 'நேச்சர்' இதழில் வெளியானது.

விளிம்பில் பிறப்பதில் என்ன ஆச்சரியம்?

நட்சத்திரம் பிறக்க அடர்த்தியான, குளிர்ந்த வாயு வேண்டும். அது கேலக்ஸியின் நடுப்பகுதியில்தான் அதிகம். ஓரத்தில் வாயு மெலிந்து கிடக்கும். அதனால் அங்கே பெரிதாக எதுவும் நடக்காது என்றுதான் நீண்டகாலம் நினைத்தார்கள்.

2003-ல் நாசா அனுப்பிய கேலெக்ஸ் விண்வெளித் தொலைநோக்கி இதை மாற்றியது. நமக்கு அருகில் சுமார் 1.5 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள எம்83 கேலக்ஸியில், வழக்கமான படங்களில் தெரியும் எல்லையைத் தாண்டியும் புதிய நட்சத்திரக் கூட்டங்கள் இருப்பது தெரியவந்தது.

அது எப்படித் தெரிந்தது?

புற ஊதாக் கதிர் மூலம். புதிதாகப் பிறந்த பெரிய நட்சத்திரங்கள் மிகவும் சூடானவை. அதிகமாகப் புற ஊதாக் கதிரை வீசும், சீக்கிரமே அழிந்தும் போகும். அப்படின்னா, ஓர் இடத்தில் அந்தக் கதிர் பலமாகத் தெரிந்தால், அங்கே சமீபத்தில் நட்சத்திரங்கள் பிறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் தரையிலிருந்து இதைப் பார்க்க முடியாது. டெல்லியின் புகைமூட்டமானாலும் சரி, காவலூரின் தெளிந்த வானமானாலும் சரி, இந்தக் கதிரை வளிமண்டலமே தடுத்துவிடும். விண்வெளிக்குத்தான் போகணும்.

ஆஸ்ட்ரோசாட் என்ன செய்தது?

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கியின் பெயர் யூவிஐடி. இதன் கண்ணாடி சுமார் 38 செ.மீ. அகலம்தான், கேலெக்ஸின் கண்ணாடி 50 செ.மீ. ஆனாலும் யூவிஐடி எடுக்கும் படம் சுமார் 3 மடங்கு கூர்மையானது.

இதைக் கொண்டு தேஜ்பூர் பல்கலைக்கழகத்தின் அன்சுமான் போர்கோஹெய்ன், புனே ஐயூகா மையத்தின் கனக் சாஹா உள்ளிட்ட குழுவினர் 11 சிறிய நீலக் கேலக்ஸிகளை ஆராய்ந்தனர். இவற்றின் ஒளி நம்மை வந்தடைய 130 கோடி முதல் 280 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஹப்பிள் எடுத்த படங்களுடன் ஒப்பிட்டபோது, 11-ல் 10 கேலக்ஸிகளில் புற ஊதா ஒளி, சாதாரண ஒளியைவிட வெளியே நீண்டு பரவியிருந்தது. அதுவும் திட்டுத்திட்டாக.

அந்தத் திட்டுகள் என்ன ஆகும்?

டெல்லியையே எடுத்துக்கோங்க. பழைய கட்டடங்கள் நடுவில், புதிய அடுக்குமாடிகள் நொய்டா, குருகிராம் என விளிம்பில். ஆனா ஒரு வித்தியாசம்: நொய்டாவில் கட்டிய வீடு நொய்டாவிலேயே நிற்கும். கேலக்ஸியின் விளிம்பில் உருவான திட்டு மெல்ல மையத்தை நோக்கி நகரும்.

காரணம் ஈர்ப்பு விசை. திட்டு சுற்றிவரும்போது அருகிலுள்ள பொருட்களை ஈர்க்கிறது. அவை அதன் பின்னால் குவிந்து அதைப் பின்னுக்கு இழுக்கின்றன. வேகம் குறைந்த திட்டு உள்ளே இறங்குகிறது. இப்படி 100 கோடி ஆண்டுகளில் சராசரியாக 10 லட்சம் சூரியன்களின் எடைக்கும் அதிகமான பொருள் உள்ளே போய்ச் சேரும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

இது நேரில் கண்டதா?

இல்லை. படத்தில் தெரிவது ஒளியின் பரவலும் திட்டுகளும்தான். உள்நோக்கிய நகர்வு அதிலிருந்து போட்ட கணக்கு. வெளியிலிருந்து புது வாயு வந்து சேர்வதும் அப்படித்தான்: சான்றுகள் சுட்டிக்காட்டுகின்றன, நேரடிப் படம் இல்லை. செய்திகளில் 'கண்டுபிடிப்பு' என்று படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் முக்கியம்?

பெரிய கேலக்ஸிகள் பல சிறியவை சேர்ந்து உருவானவை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. நம் பால்வெளியும் அப்படித்தான். எனவே சிறியவை எடை போடும் விதம் தெரிந்தால், நாம் வாழும் கேலக்ஸியின் பூர்வீகமும் கொஞ்சம் தெளிவாகும்.

கேலெக்ஸ் 2013-லேயே ஓய்வு பெற்றுவிட்டது. ஆஸ்ட்ரோசாட் 5 ஆண்டுகளுக்கென்று வடிவமைக்கப்பட்டு, அதையும் தாண்டி உழைத்தது. அது சேகரித்த தரவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு இஸ்ரோவின் தரவு மையத்தில் பொதுவில் வைக்கப்படுகின்றன. அடுத்த துப்பு ஏற்கெனவே எடுத்த ஒரு படத்திலேயே காத்திருக்கலாம்.