கொடைக்கானல்: காட்சியிடங்களின் வரலாறு

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் மேற்பரப்பில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கோடைவாழிட நகரம் கொடைக்கானல். இங்கே பயணிகள் இன்று சுற்றிப் பார்க்கும் இடங்களில் பலவும் சுற்றுலாவுக்காக உருவானவை அல்ல. காய்ச்சலுக்குத் தப்பி வந்தவர்களும், சூரியனை ஆராய வந்தவர்களும், மரம் வளர்க்க வந்தவர்களும் தத்தம் தேவைக்காகச் செய்துகொண்டவை அவை. அவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பழனி மலைகளில் மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். தாண்டிக்குடிப் பக்கம் காணப்படும் பெருங்கற்காலக் கற்திட்டைகள் அதற்குச் சான்று. பளியர்கள் இந்தக் காடுகளில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள். மலைக் கிராமமான பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது.

1821-ல் ஆங்கிலேய அதிகாரி வார்டு இம்மலைகளை அளந்தார். நகரத்தின் தொடக்கம் 1845. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகளின் குடும்பங்களில் காலராவும் காய்ச்சலும் அடுத்தடுத்து உயிர்களைக் கொண்டுபோக, அவர்கள் மலைமேல் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். மற்ற மலைவாழிடங்கள் பலவற்றைப் போல ஆங்கில அரசு தொடங்கிய ஊர் அல்ல இது. அந்நாளில் மேலே வருவது எளிதாக இருக்கவில்லை. மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்து அடிவாரம் வரை வந்து, அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ நடந்தோ ஏற வேண்டும். டோலியைத் தோளில் சுமந்து செங்குத்தான மலை ஏறிய தொழிலாளர்களின் பெயர்கள் இந்த ஊரில் எந்த இடத்துக்கும் வைக்கப்படவில்லை. 1875-ல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை எட்டியது. அந்த நிலையம் இப்போது கொடைக்கானல் ரோடு. வத்தலகுண்டு வழியாக ஏறும் மலைச்சாலை முதல் உலகப் போர்க் காலத்தில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது.

ஊரின் நடுவில் உள்ள ஏரி மனிதர் அமைத்தது. மதுரை ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச், 1863-ல் சதுப்பு நிலமாகக் கிடந்த பள்ளத்தாக்கில் ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி நீரைத் தேக்கினார். மீன்குஞ்சுகளை விட்டார்; தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார். ஓய்வுபெற்ற பின்னும் கொடையிலேயே தங்கி, 1885-ல் இறக்கும்வரை சொந்தச் செலவிலும் இந்த ஊரை வளர்த்தார். சுமார் 60 ஏக்கர் பரப்புள்ள ஏரி நிரம்பி வழியும் நீர்தான் மலைச்சாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. 55 மீட்டர் உயர அருவியின் முன் நின்று படம் எடுப்பவர்களில் பலர் இந்தத் தொடர்பை அறிவதில்லை. ஏரியில் கலக்கும் கழிவு அருவிக்கும் வரும் என்பதால் அறிந்திருக்க வேண்டிய தொடர்பு இது.

மலைச்சரிவின் விளிம்பில் ஒரு கிலோமீட்டர் நீளும் கோக்கர் நடைபாதை, அதை 1872-ல் அமைத்த ராணுவ அதிகாரியின் பெயரைத் தாங்கியது. ஏரிக்குக் கிழக்கே 20 ஏக்கரில் உள்ள பிரையண்ட் பூங்கா 1908-ல் திட்டமிடப்பட்டது. ஆண்டுதோறும் மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடப்பது இங்கேதான். செண்பகனூரில் இயேசு சபையினர் 1895-ல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் பழனி மலைகளின் செடிகளும் விலங்குகளும் தொகுத்து வைக்கப்பட்டுள்ளன.

இவை எல்லாவற்றிலும் பெருமைக்குரியது சூரிய ஆய்வகம். பயணிகளில் பெரும்பாலோர் அதை எட்டிப் பார்க்காமலே திரும்புகிறார்கள். அது பிறந்த காரணம் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், பருவமழைக்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற கருத்து வலுத்தது. மேகமும் தூசியும் குறைந்த உயரமான இடம் தேடப்பட்டது. மிச்சி ஸ்மித்தின் பொறுப்பில் 1899-ல் கொடையில் ஆய்வகம் நிறுவப்பட்டது. சென்னை வானாய்வகத்தின் பணிகள் இங்கே மாறின. 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் ஓரப் பகுதியில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டறிந்தார். உலகெங்கும் வானியல் நூல்களில் அது அவர் பெயராலேயே குறிக்கப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட சூரியப் படங்களின் தொகுப்பு இங்கே உள்ளது. இவ்வளவு நீண்ட தொடர்ச்சியான பதிவு உலகில் மிகச் சில இடங்களிலேயே உண்டு. ஆய்வகம் இன்று இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

குறிஞ்சி ஆண்டவர் கோயில் 1936-ல் எழுந்தது. இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவருமான லீலாவதி அம்மையார் அதைக் கட்டினார். வானம் தெளிவாக இருக்கும் நாளில் அங்கிருந்து பழனி தெரியும். கோயிலின் பெயரில் உள்ள, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி கடைசியாக 2018-ல் மலர்ந்தது.

தூண் பாறையும் பசுமைப் பள்ளத்தாக்கும் இயற்கையின் ஆக்கங்கள். தூண் பாறைக்கு அருகில் உள்ள பாறைப் பிளவுகள் 'குணா' படத்துக்குப் பிறகு குணா குகை ஆயின. அங்கே 2006-ல் தவறி விழுந்த ஒரு கேரள இளைஞரை நண்பர் இறங்கி மீட்டார். அந்த நிகழ்வை வைத்து 2024-ல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மீண்டும் கூட்டத்தைக் கூட்டிவந்தது. வேலிக்கு வெளியே இருந்து பார்ப்பதே அங்கே அறிவுடைமை.

தூண் பாறைக்குப் போகும் சாலையில் உள்ள பைன் காடு, சினிமாப் படப்பிடிப்புகளால் புகழ்பெற்றது. அழகானதுதான், ஆனால் அது நட்டு வளர்த்த தோட்டம். பழனி மலைகளின் சொந்த நிலம் மடிப்புகளில் சோலையும் மேடுகளில் புல்வெளியுமாக இருந்தது. மழைநீரைப் பிடித்து வைத்து ஆண்டு முழுவதும் ஓடைகளில் கசியவிடும் அந்தப் புல்வெளியை வெறும் தரிசாகக் கருதி, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்குமாகச் சீகை மரமும் தைல மரமும் பைனும் நட்டார்கள். சீகை தானாகவே பரவி மிச்சப் புல்வெளியையும் விழுங்குகிறது. காடுகளுக்கு வந்த கேடு மரங்களோடு நிற்கவில்லை: பாம்பார் சோலையை ஒட்டி இயங்கிய தெர்மாமீட்டர் ஆலை, பாதரசக் கழிவு வெளிப்பட்டதால் 2001-ல் மூடப்பட்டது. 2013-ல் இந்தக் காடுகள் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. மேய்ச்சல் சுருங்கிய காட்டுமாடுகள் நகரின் ஏழு ரோடு சந்திப்பு வரை இறங்கி வருவது இப்போது வழக்கமாகிவிட்டது.

சீசன் காலத்தில் மலைச்சாலையில் வாகனங்கள் மணிக்கணக்கில் நிற்கும் நிலை முற்றவே, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதிச்சீட்டு முறை ஏற்கெனவே இருந்தது. நகரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மதிகெட்டான் சோலையைத் தாண்டிப் போகும் அந்த வழியில் வாகன எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். கொடையில் பழைய சோலைக்காட்டை இன்னும் அதன் இயல்போடு பார்க்க முடிவது அந்தப் பக்கம்தான்.