இதயம் வரை ஏறும் ஃபைப்ராய்டு

"ஃபைப்ராய்டுதாம்மா, புற்று இல்லை, பயப்படாதீங்க." பயாப்சி ரிப்போர்ட்டை நீட்டி இதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் நோய்க்குறியியல் துறையில் எல்லோருக்கும் நாக்கு பழகிவிட்டது. பொய்யில்லை. ஆனால் மிக அபூர்வமாக அதே சாதுக் கட்டி கர்ப்பப்பையின் சிரைக்குள் புகுந்து, கீழ்ப் பெருஞ்சிரை வழியே ஏறி, இதயத்தின் வலது அறைக்கே போய்விடும்.

கட்டி சிரைக்குள் வளர்வதை நோய்க்குறியியலாளர் பிர்ச்-ஹிர்ஷ்ஃபெல்ட் 1896இல் எழுதினார். கர்ப்பப்பையில் தொடங்கி இதயம் வரை அறுபடாமல் வளர்ந்த ஒன்றை 1907இல் ட்யூர்க் விவரித்தார். கட்டியின் மூலம் எது என்பதில் வழக்கு: சிரைச் சுவரின் தசையே என்றார் க்னௌவர், 1903இல்; ஃபைப்ராய்டுதான் உள்ளே நுழைகிறது என்றார் சிட்சன்ஃபிரை, 1911இல். வழக்கு இன்றும் முழுதாகத் தீர்ந்தபாடில்லை.

ஃபார்மலினில் ஊறிய கர்ப்பப்பையை அறுக்கும்போது சிரையின் வாயில் வெள்ளையாக, நாக்குப்பூச்சி மாதிரி, ஒரு முனை எட்டிப் பார்க்கும். ஃபோர்செப்ஸால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். சிரைச் சுவரில் அது பெரும்பாலும் ஒட்டுவதே இல்லை. அறுவை மருத்துவருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது.

ஆனால் அந்த வரத்தைப் பயன்படுத்த 1953இல் அறுவை மருத்துவர் கிப்பன் வெற்றிகரமாக இயக்கிய இதய-நுரையீரல் இயந்திரம் வரவேண்டியிருந்தது. வலது இதயத்தின் ட்ரைகஸ்பிட் வால்வை அடைத்த இத்தகைய கட்டியை அகற்றியதை மண்டல்பாம் குழுவினர் 1974இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டே நாரிஸும் பார்ம்லியும் 14 பேரின் கட்டிகளை ஒருசேர ஆராய்ந்து எழுதினார்கள். பிறகு மார்பையும் வயிற்றையும் ஒரே அமர்வில் திறப்பதா, இரண்டு தவணையா என்ற விவாதம். நோயாளியின் தெம்பைப் பார்த்துத்தான் முடிவு. ஈஸ்ட்ரோஜன் இந்தக் கட்டிக்குத் தீனி. அதனால் கர்ப்பப்பையோடு அதைச் சுரக்கும் சினைப்பைகளையும் எடுப்பது வழக்கம். மிச்சம் விட்டால் மறுபடி வளரலாம்.

இதய எக்கோ ஸ்கேன் வந்தபின் கட்டி கண்ணில் படுகிறது, பெயர்தான் தப்பாகிறது. ரத்தக்கட்டி என்று ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பார்கள், கரையாது. இதயத்திலேயே முளைக்கும் மிக்ஸோமா கட்டி என்று மார்பைத் திறப்பார்கள்; வால் வயிற்றுக்குள் போகும். இத்தனை இயந்திரம் இருந்தும் கேள்வி கேட்கச் சோம்பல் என்பேன்.

இளம் மருத்துவர்களே, வலது இதயத்தில் கட்டியோடு ஒரு பெண் வந்தால், கர்ப்பப்பையில் கட்டி இருந்ததா, ஆபரேஷன் ஆனதா என்று கேளுங்கள். கர்ப்பப்பையை எடுத்துப் பல வருடம் கழிந்தும் இது வரும். மார்பைத் திறக்குமுன் வயிற்றையும் இடுப்பையும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.