விசையின் எடை

போட்டிக் கைத்துப்பாக்கி பயிலப் புகும் பண்டார் பாரு இளைஞர்க்கு எழும் ஐயம் ஒன்றுண்டு: விசையை மாற்றுவதா, வேண்டாவா? விசை மென்மையாயின் குறி தவறாது என்பர் பலர். இவ்விளையாட்டின் வரலாறோ வேறொன்றைக் கூறுகின்றது.

50 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் விசைக்கு எடைவரம்பு இல்லை; தொட்டவுடன் இயங்கும் விசைகள் அங்கு வழங்கின. 2016 ரியோவுக்குப் பின் அப்போட்டி ஒலிம்பிக்கினின்றும் நீங்கியது. 1988இல் சோல் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிக்கோ விசையின் எடை 500 கிராமுக்குக் குறைதல் ஆகாது. 25 மீட்டர் விரைவுப் போட்டியிலும் முன்னர் வரம்பில்லை. 2005 முதல் 1000 கிராம் என்றாயிற்று. மென்விசையில் பழகிய விரல்கள் மீண்டும் பழக வேண்டியதாயிற்று. அவ்விதியின் கீழேயே 2012இல் இலண்டனில் இந்தியாவின் விஜயகுமார் வெள்ளி வென்றார்.

பொறி நம்பத் தக்கதாதலும் வேண்டும். 2021இல் தோக்கியோவில் மனு பாக்கரின் 10 மீட்டர் கைத்துப்பாக்கி இடையிலே பழுதுற்றது. பொன்னான நிமிடங்களை இழந்த அவர் 12ஆம் இடமே பெற்றார். 2024இல் பாரிசில் இரு வெண்கலம் வென்று அக்குறையைத் தீர்த்தார்.

ஆகவே, மென்மைக்காக விசையை மாற்றுதல் வீண். விதி அதற்கு இடந்தராது. போட்டிக்கு முன் குழலை நிமிர்த்தி, விசையில் எடையைத் தொங்கவிட்டுத் தூக்கிச் சோதிப்பர். அச்சோதனையில் தவறினாலோ, இழுப்புக்கு இழுப்பு வேறுபட்டாலோ மாற்றுக. மலேசியாவில் காற்றுத் துப்பாக்கியும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துள் அடங்குமாதலின், உரிமம் பெற்றவரிடமே அதனை ஒப்படைக்க. மற்றெல்லாக் குறையும் விரலின் குறையே. அதற்கு மருந்து பயிற்சி.