பல்கருவி மீன்பிடிப்பில் பிடிப்பு வரம்பு

பிடிப்பு வரம்பு என்பது ஒரு நீர்நிலையின் மீன்வளம் குன்றாத வகையில் ஓராண்டில் பிடிக்கத்தக்க மீனின் உச்ச அளவு ஆகும். பலவகைக் கருவிகள் பயன்படும் இடங்களில் இதனை மொத்த எடையாக மட்டும் கணிப்பது போதாது. ஒவ்வொரு கருவியிலும் சிக்கும் மீனின் வயதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல்லுக்கும் மேட்டூர் அணைக்கும் இடைப்பட்ட காவிரிப் பகுதி இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

நீர்நிலையும் கருவிகளும்

மேட்டூர் அணை 1934 இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் மேற்பகுதி பென்னாகரம் வட்டத்தின் நாகமரைப் பகுதியில் பரவியுள்ளது. இங்கு மீனவர்கள் பரிசலில் சென்று செவுள் வலை, வீச்சு வலை, தூண்டில் ஆகியவற்றால் மீன் பிடிக்கின்றனர். கட்லா, ரோகு போன்றவை குஞ்சுகளாக விடப்பட்டு வளர்பவை. வாளை, கெளுத்தி போன்றவை இயற்கையாகப் பெருகுபவை.

கணிக்கும் முறை

மீன்வளம், நீர்நிலை தாங்கக்கூடிய அளவில் பாதியாக இருக்கும்போது அதன் ஆண்டு வளர்ச்சி உச்சம் அடைகிறது என்பது செய்ஃபர் 1954 இல் வெளியிட்ட மாதிரியின் அடிப்படையாகும். இம்மாதிரி மீன்களின் வயதைக் கருதுவதில்லை. ஒரு டன் என்பது 2 கிலோ மீன்களாயின் 500 மீன்கள். 100 கிராம் மீன்களாயின் 10,000 மீன்கள். பின்னதில், ஒருமுறையேனும் முட்டையிடும் முன்பே மீன்கள் அழிகின்றன. எனவே ஒவ்வொரு கருவியாலும் ஒவ்வொரு வயதிலும் ஏற்படும் இறப்பு தனித்தனியே மதிப்பிடப்பட்டு, பின்னர் கூட்டப்படுகிறது.

நீர்த்தேக்கங்களில் நீர்மட்டமும் கணிப்பைப் பாதிக்கும். மேட்டூரில் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. நீர் வற்றும்போது மீன்கள் குறுகிய பரப்பில் நெருங்குவதால், வளம் பெருகாமலேயே ஒரு பரிசலுக்குக் கிடைக்கும் மீன் கூடலாம். இதனை வளப்பெருக்கம் எனக் கொண்டால் வரம்பு மிகையாகிவிடும்.

பங்கீடு

அனைவருக்கும் பொதுவாக ஒரே வரம்பு இருப்பின், பெரிய வலை உடையோர் அதனை விரைவில் நிரப்பிவிடுவர். தூண்டிலையும் வீச்சு வலையையும் நம்பியிருப்போர் பிழைப்பை இழப்பர். ஆகையால் வரம்பு கருவிவாரியாகப் பிரிக்கப்படுகிறது. கரைசேரும் மீனை முழுவதும் எடைபோட இயலாத இடங்களில் வலைக்கண் அளவு, உரிமங்களின் எண்ணிக்கை, இனப்பெருக்கக் காலத் தடை ஆகியவை அதற்கு ஈடாகப் பயன்படுகின்றன.

வரம்பின் எல்லை

காவிரிக்கே உரிய திமில் மாசீர் மீன் 2018 முதல் மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. இத்தகைய மீன் பிற மீன்களுடன் கலந்து சிக்கும் இடத்தில், மிக நலிந்த இனத்துக்கு ஏற்பவே வரம்பு அமைய வேண்டும். கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீன் குன்றியதற்கோ முதன்மைக் காரணம் அணை வழியை மறித்ததே. அவ்விழப்பைப் பிடிப்பு வரம்பால் ஈடுசெய்ய இயலாது.