விழாவிட்டால் எந்த நாட்டுக்கு?

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் குறைவு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் பொறிக்கப்பட்ட அவை, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, உள்ளிருப்பது இன்னதென்றறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். சில நூற்றாண்டுகள் கழித்து இத்தாலியின் ஜெனோவா நகரிலும் ஏறக்குறைய இதே வழக்கம் இருந்தது. அந்நகரக் குடியரசின் ஆட்சி மன்றத்திற்கு உயர்குடியினரின் பெயர்களிலிருந்து ஐந்து பெயர்கள் குலுக்கி எடுக்கப்பட்டன. ஆனால் ஜெனோவா மக்கள் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கவில்லை. எந்த ஐவர் வருவர் என்று பந்தயம் கட்டினர். காலப்போக்கில் பெயர்கள் மறைந்து எண்கள் வந்தன. தேர்தல் போய்ப் பந்தயம் மட்டும் நிலைத்தது. தொண்ணூறு எண்களில் ஐந்தை எடுக்கும் 'லோட்டோ' இவ்வாறு பிறந்தது.

சீட்டுக் குலுக்குவது தன்னிலே குற்றமன்று. யூதாசின் இடத்திற்கு மத்தியாவைச் சீட்டுக் குலுக்கியே சேர்த்துக்கொண்டதாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. ஆண்டவரின் அங்கிக்காகச் சிலுவையடியில் படைவீரர்கள் போட்டதும் சீட்டுத்தான். நம் இல்லத்தரசிகள் நடத்தும் குலுக்கல் சீட்டிலும் அதிர்ஷ்டம் உண்டு. ஆயினும் யாருக்கு முதலில் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது, போட்ட பணம் ஒவ்வொருவருக்கும் திரும்பி வருகிறது. லாட்டரிச் சீட்டில் அப்படியன்று. ஒருவர் பெறப் பலர் இழந்தே ஆகவேண்டும். இதனால்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், இத்தகைய விளையாட்டுகள் தம்மிலே நீதிக்கு முரணானவையல்ல என்று ஒப்புக்கொண்டு, ஒருவரின் வாழ்வுக்கு வேண்டியதை அவை பறிக்கும்போது ஒழுக்கக் கேடாகின்றன என எல்லை வகுக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தையர் ஆண்ட நாட்டிலேயே இந்த எல்லை இங்குமங்கும் நகர்ந்தது. திருத்தந்தை பதின்மூன்றாம் பெனடிக்ட் லோட்டோவைத் தடைசெய்து, ஆடுவோர்க்குச் சபைவிலக்குத் தண்டனையும் விதித்தார். அவருக்குப் பின்வந்த பன்னிரண்டாம் கிளமெண்ட் 1731ல் அதை மீண்டும் அனுமதித்து, அதன் வருவாயைக் கட்டடப் பணிகளுக்குத் திருப்பினார். உரோமைக்குச் செல்லும் நம்மவர் நாணயம் எறிந்து படமெடுத்துக்கொள்ளும் திரேவி நீரூற்று அப்பணத்தில் தொடங்கப்பட்டதே. அதன் கற்களில் தோற்றுப்போன சீட்டுகளும் கலந்திருக்கின்றன என்பதை வழிகாட்டிகள் சொல்வதில்லை! ஆங்கிலேயர் 1813ல் கட்டி முடித்த கல்கத்தா நகர மண்டபத்திற்கும் லாட்டரிப் பணமே உதவியது. சூதாட்டம் எப்போதும் ஒரு நற்பணியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஊருக்குள் நுழைகிறது.

நம் நாட்டிலும் அப்படித்தான். 1967ல் கேரள அரசு, இந்திய மாநிலங்களுள் முதலாவதாக, பரிசுச் சீட்டு விற்கத் தொடங்கியது. விலை ஒரு ரூபாய், முதற்பரிசு ஐம்பதாயிரம். அடுத்த ஆண்டே அண்ணா தலைமையிலான அரசு இங்கும் அதைத் தொடங்கிற்று. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்னும் வாசகம் அக்காலத்தவர் நாவில் நின்றது. எவ்வளவு திறமான வாசகம்! தோற்றவனையும் அது கொடையாளி ஆக்கிவிடுகிறது. இழந்த ரூபாய் பள்ளிக்கூடமாகவோ சாலையாகவோ தன்னிடமே திரும்பும் என்று அவன் நம்பலாம். அந்த நம்பிக்கையில் ஓரளவு உண்மையும் இருந்தது என்பதே என் எண்ணம்.

1975ல் கலைஞர் அரசு அதை நிறுத்தியது, பின்னர் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது திரும்ப வந்தது. 1990களின் பேருந்து நிலையங்களை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். கயிற்றில் தோரணமாய்த் தொங்கிய சீட்டுகளில் தமிழ்நாட்டுச் சீட்டு ஒன்று என்றால் சிக்கிம், நாகாலாந்து, ஏன், பூட்டான் அரசின் சீட்டுகளும் இருந்தன. பரமக்குடியிலோ பல்லாவரத்திலோ ஒரு கூலித் தொழிலாளி பூட்டான் சீட்டில் தோற்றால், விழாத பணம் எந்த நாட்டுக்கு? அண்ணா காலத்து வாசகம் அந்த இடத்தில் அறுந்துபோனது.

இதைத் தடுப்பதும் எளிதாக இருக்கவில்லை. 1998ஆம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் பிற மாநிலச் சீட்டுகளைத் தடைசெய்யும் உரிமையை மாநிலங்களுக்கு அளித்தது. ஆனால் தானே லாட்டரி நடத்தும் மாநிலம் பிறர் சீட்டைத் தடுக்க முடியாது என்று உச்சநீதிமன்றம் 1999ல் தெளிவாக்கியது. அயலான் சீட்டைக் கிழிக்குமுன் தன் சீட்டைக் கிழித்தாக வேண்டும். 2003 சனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடைசெய்தபோது அதுவே நடந்தது.

கடைகள் போயின, கைப்பேசி வந்தது. பெருங்குடி வழியே செல்லும் ராஜீவ் காந்தி சாலையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் பங்கு இளைஞர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "ஃபாதர், யூரோமில்லியன்ஸ் ஆடினால் தப்பா?" அது இன்னதென்று முதலில் அறிவோம். பிரான்சு, ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகள் 2004 பிப்ரவரியில் கூட்டாகத் தொடங்கியது அது. அவ்வாண்டே மேலும் ஆறு நாடுகள் சேர்ந்தன. ஐம்பது எண்களில் ஐந்தையும், பன்னிரண்டு 'நட்சத்திர' எண்களில் இரண்டையும் ஆடுபவர் தெரிந்தெடுக்க வேண்டும். ஜெனோவாவின் ஐந்து இன்னும் மாறவில்லை. வாரம் இருமுறை குலுக்கல். ஏழும் பொருந்தும் வாய்ப்பு 13 கோடியே 98 லட்சத்து 38 ஆயிரத்து 160ல் ஒன்று. குலுக்கலுக்கு ஒரு சீட்டு வாங்குபவர் எல்லாச் சேர்க்கைகளையும் ஒருமுறை வாங்கி முடிக்கப் பதின்மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். தொடக்கத்தில் நட்சத்திர எண்கள் ஒன்பதே. அப்போது வாய்ப்பு ஏழரைக் கோடிச் சொச்சத்தில் ஒன்றாக இருந்தது. எண்கள் கூடக்கூட முதற்பரிசு விழுவது அரிதாகும். விழாத தொகை அடுத்த குலுக்கலுக்குச் சேர்ந்து பெருகும். பெருகிய தொகையே அடுத்த விளம்பரம்.

'உபாயங்கள்' என்று சொல்லப்படுபவை பற்றியும் கேட்டார். பலர் கூட்டாகச் சீட்டு வாங்கினால் வாய்ப்பு கூடும்; பரிசும் அதே அளவில் பங்காகும். பிறந்தநாள் எண்களைப் பலரும் எடுப்பதால், 31க்கு மேற்பட்டவற்றை எடுப்பவர் வென்றால் பரிசைப் பங்கிட வேண்டிய ஆள் குறையலாம். வெல்லும் வாய்ப்பு இம்மியும் கூடாது. சென்ற வாரம் வராத எண் இவ்வாரம் வரும் என்பதும், ராசி எண்ணும், கூட்டு எண்ணும் வெறும் ஆறுதல். நேப்பிள்சு மக்கள் கனவுகளை எண்களாக்கப் புத்தகமே வைத்திருக்கிறார்கள்!

இங்கே பணத்தின் வழியைப் பார்க்க வேண்டும். சீட்டு விற்ற தொகையில் ஏறத்தாழப் பாதி பரிசாகிறது. மீதி அந்தந்த நாட்டின் வரிக்கும், நற்பணிகளுக்கும், கடைக்காரர் தரகுக்கும், நிர்வாகத்துக்கும் போகிறது. தோற்ற ஆங்கிலேயர் தம்மூர்க் கலைக்கூடத்தையோ விளையாட்டுத் திடலையோ பார்த்துத் தேறலாம். பெருங்குடியில் தோற்றவர்க்கு அதுவும் இல்லை. மேலும், லாட்டரிச் சீட்டு வாங்க வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை 2000ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகள் வெளிப்படையாகத் தடைசெய்கின்றன. "உங்களுக்காக நாங்கள் வாங்குகிறோம்" என்னும் இடைத்தரகர்களுள் சிலரிடம் சீட்டு அவர்கள் கையில் இருக்கும். வேறு சிலர் சீட்டே வாங்குவதில்லை. குலுக்கலின் முடிவின்மேல் தனியாகப் பந்தயம் நடத்துகிறார்கள். நாம் வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்ததாகக் கூறி, அதை அனுப்பக் கட்டணம் கேட்பவர்கள் மூன்றாம் வகையினர். அது முழு மோசடி.

இளைஞர் விடவில்லை. "அப்படியென்றால் வாளையாரைத் தாண்டிப் போய்க் கேரளச் சீட்டு வாங்கலாமா, ஃபாதர்?" அங்கே அது அரசின் சட்டபூர்வமான விற்பனை. 'காருண்யா' சீட்டின் வருவாய் ஏழை நோயாளிகளின் மருத்துவ உதவிக்கென்றே தொடங்கப்பட்டது. நம்மவர் போட்ட ரூபாய் அங்கே ஒரு சிறுநீரக நோயாளிக்குப் பயன்படலாம். அதை நான் மறுக்கவில்லை. மாதச் சம்பளத்தில் எவ்வளவு இதற்குப் போகிறது என்று மட்டும் கேட்டேன். அதை அவர் இன்னும் சொல்லவில்லை.