குடிமகன் என்று சொல்லிக்கொள்பவர்

அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ கல்யாணம் செய்துகொண்டு கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு ஒருநாள் நேர்காணல் கடிதம் வரும். வந்ததும் வீட்டில் எல்லாரும் வெளிநாட்டுக்காரரின் காகிதங்களைத்தான் அடுக்க ஆரம்பிப்பார்கள். குடிமகனாக இருப்பவர், "நான் இந்த ஊர்க்காரன்தானே, டிரைவிங் லைசென்ஸ் போதாதா?" என்று உட்கார்ந்திருப்பார்.

போதாது. லைசென்ஸ் ஆளைத்தான் காட்டும், குடியுரிமையைக் காட்டாது. அதற்கு அமெரிக்க பாஸ்போர்ட் வேண்டும். இல்லையென்றால் அரசுப் பதிவாளர் தந்த பிறப்புச் சான்றிதழ், குடியுரிமை பெற்றவர் என்றால் அந்தச் சான்றிதழ். முன்பு ஒரு கல்யாணம் நடந்திருந்தால் அது முடிந்துபோனதற்கான தீர்ப்பு நகலும் வேண்டும். "நீ யார், நீ குடிமகன்தானா, இந்தக் கல்யாணம் நிஜமா" என்று மூன்று கேள்விகள். மூன்றாவதைப் பற்றி சினிமாவே எடுத்துவிட்டார்கள். எனக்கு இரண்டாவதன் பழைய கதையில்தான் ஆர்வம். குடிமகனே தன்னை நிரூபிக்க வேண்டும் என்பது எல்லாருக்குமான விதியாகத் தொடங்கவில்லை. முதலில் அதன் பாரம் விழுந்தது சிலர் தலையில் மட்டும்.

1882ல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதைத் தடை செய்தது. வணிகர், மாணவர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவிலேயே பிறந்த சீனர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்விக்கு முகமாக ஆனவர் வோங் கிம் ஆர்க், சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ஒரு சமையல்காரர். 1894ல் அவர் சீனாவுக்குக் கிளம்பியபோது கையில் கொண்டுபோனது, 'இவர் இந்த ஊரில் பிறந்தவர், எங்களுக்குத் தெரியும்' என்று வெள்ளைக்காரச் சாட்சிகள் கையெழுத்துப் போட்ட, புகைப்படம் ஒட்டிய ஒரு தாள். 1895ல் திரும்பி வந்தபோது அதிகாரிகள் இறங்க விடவில்லை. மாதக்கணக்கில் துறைமுகத்துக் கப்பல்களிலேயே அடைந்து கிடந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1898 மார்ச் 28ல் அவர் பிறப்பால் குடிமகன் என்று தீர்ப்பானது.

பாடப்புத்தகத்தில் கதை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. 1901ல் அதே வோங் கிம் ஆர்க், நாட்டில் இருக்க உரிமையில்லாத சீனர் என்ற சந்தேகத்தில் டெக்சாஸில் கைதானார். தன் பெயரிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருந்தும், ஜாமீனில் வந்து வழக்கு தள்ளுபடியாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1910ல் அவருடைய மூத்த மகன் வந்தபோது, தகப்பன் சொன்னதும் மகன் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவி கடைசிவரை சீனாவில்தான் இருந்தார்.

அமெரிக்கச் சீனர் ஒருவர் வெளிநாடு போய்த் திரும்ப வேண்டுமானால் நிரப்ப வேண்டிய படிவம் 430ன் தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'சீன இனத்தைச் சேர்ந்த, அமெரிக்கக் குடிமகன் என்று சொல்லிக்கொள்பவரின் தகுதியை முன்கூட்டியே விசாரிப்பதற்கான விண்ணப்பம்'. 'சொல்லிக்கொள்பவர்'! குடிமகன் என்று எழுதவே அந்த அலுவலகத்துக்கு மனசு வரவில்லை. வெள்ளைக்காரக் குடிமகனுக்கு இப்படி ஒரு படிவம் கிடையாது. அவர்களில் நிறைய பேரிடம் பிறப்புச் சான்றிதழே இருக்கவில்லை என்பது தனி விஷயம். எல்லா மாநிலங்களும் தேசிய அளவிலான பிறப்புப் பதிவு ஏற்பாட்டுக்குள் வந்து சேரவே 1933 ஆகிவிட்டது.

இந்த நேரத்தில் பூமியே ஒரு காரியம் செய்தது. 1906 ஏப்ரல் 18ல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கமும் அதன்பின் வந்த தீயும் நகரத்தின் பதிவேடுகளை அழித்தன. 'நானும் இங்கேதான் பிறந்தேன், காகிதம் எரிந்துபோச்சு' என்று சொல்ல ஒரு வழி பிறந்தது. அப்படிக் குடிமகனானவர், சீனாவில் தனக்கு இத்தனை மகன்கள் என்று கணக்குக் கொடுப்பார். அந்த இடங்களில் வேறு வீட்டுப் பையன்கள் வருவார்கள். இவர்களைக் 'காகித மகன்கள்' என்றார்கள். பொய்தான். ஆனால் சட்டம் நேர்வழியை அடைத்துவைத்திருந்த காலம் அது. அந்தப் பொய்யை நான் பெரிதாகக் குறைசொல்ல மாட்டேன்.

அரசாங்கத்தின் பதில், 1910ல் திறந்த ஏஞ்சல் தீவு நிலையம். காகிதத்தை நம்ப முடியாது என்றால் நினைவைச் சோதிக்க வேண்டியதுதானே. உங்கள் வீட்டு வாசல் எந்தத் திசை? கிணறு எங்கே? மூன்றாவது வரிசையில் யார் வீடு? இங்கே இருக்கும் குடிமகனிடமும் அங்கிருந்து வந்த மனைவி, மகனிடமும் தனித்தனியாகக் கேட்டு, பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பல வருடங்களுக்கு முன் அதே குடும்பத்தில் வேறொருவர் சொன்ன பதிலையும் கோப்பிலிருந்து எடுப்பார்கள். வருபவர்கள் கேள்வி-பதில் நோட்டு வைத்து மனப்பாடம் செய்துகொண்டு கப்பல் ஏறினார்கள். உண்மையான மகனுக்கும் அந்த நோட்டு தேவைப்பட்டது. சொந்த வீட்டில் எத்தனை படி என்று எண்ணி வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

குடியுரிமைக் காகிதம் சுத்தமாக இருந்தாலும் பயன் இல்லாமல் போனது 1924ல். அந்த ஆண்டுச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற இனத்தவர் யாரும் குடியேறிகளாக வரக்கூடாது என்றது. அமெரிக்காவில் பிறந்த சாங் சான் உள்ளிட்ட சிலருடைய மனைவிமார் அந்த ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ வந்து இறங்க, உள்ளே விடவில்லை. வழக்கு 1925 மே 25ல் முடிந்தது. கணவர் குடிமகனாகவே இருக்கலாம், மனைவிக்கு அனுமதி இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அதே நாளில் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில், சீன வணிகரின் மனைவி வரலாம் என்று சொன்னது. வணிகருக்குச் சீனாவுடன் போட்ட ஒப்பந்தம் துணை. குடிமகனுக்கு அப்படி ஒப்பந்தம் ஏதும் இல்லையே! பெண்டாட்டியைக் கூட்டிவர வேண்டுமானால் அமெரிக்கக் குடிமகனாக இருப்பதைவிடச் சீனாவின் குடிமகனாகக் கடை வைத்திருப்பது மேல்.

1930ல் கொஞ்சம் தளர்த்தினார்கள்: 1924 மே 26க்கு முன் கல்யாணம் ஆனவர்கள் மட்டும் வரலாம். ஆக, குடிமகன் நிரூபிக்க வேண்டிய பட்டியலில் கல்யாணத் தேதியும் சேர்ந்தது. அதற்குப் பின் கட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் 1940கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விலக்குச் சட்டம் 1943ல் போனது, ஆனால் சீனர்களுக்கு வருடத்துக்கு 105 இடம்தான். 1946 ஆகஸ்டில்தான் குடிமக்களின் சீன மனைவியரை அந்தக் கணக்கிலிருந்து விடுவித்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்கள் கதை. பெண் குடிமக்களுக்கு நடந்தது வேறு. 1907 சட்டப்படி வெளிநாட்டவரைக் கட்டிக்கொண்ட அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமை கல்யாணத்தோடு போய்விடும். கலிபோர்னியாவில் பிறந்த எத்தல் மெக்கன்சி ஒரு ஸ்காட்லாந்துக்காரரை மணந்தார். ஓட்டுப் பதியப் போனபோது நீ அந்நியர் என்றார்கள். 1915ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 1922ல் கேபிள் சட்டம் இதை மாற்றியது, ஆனால் கணவர் குடியுரிமைக்குத் தகுதியற்ற இனத்தவர் என்றால் பழைய கதைதான். 1923ல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்கள் 'வெள்ளையர்' இல்லை என்று தீர்ப்பானதும், இந்தியரை மணந்த அமெரிக்கப் பெண்களும் அந்த வரிசையில் வந்தார்கள். அவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்கலாம். கூடவே இருந்த கல்யாணச் சான்றிதழ் அதைச் செல்லாக்காசாக்கிவிட்டது. அந்த விலக்கு 1931ல்தான் போனது. 'மனைவி' என்று இருந்த இடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சொல் சட்டத்தில் வந்தது 1952ல்.

தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. கல்யாணம் போலி என்று சந்தேகம் வந்தால் இன்றும் கணவன் மனைவியைப் பிரித்துக் கேட்பார்கள். 1976ல் நியூயார்க்கில் ஸ்டோக்ஸ் என்ற வழக்கின் சமரசத் தீர்ப்பு, அங்கே இந்த விசாரணைக்குச் சில வரம்புகள் போட்டது. வரம்பு போட்ட வழக்கின் பெயரையே விசாரணைக்கு வைத்து 'ஸ்டோக்ஸ் இன்டர்வியூ' என்கிறார்கள்.

அந்தப் பழைய படிவங்களும் விசாரணைத் தாள்களும் இன்று சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் புரூனோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள். தாத்தாவின் இளவயதுப் போட்டோ அவர்களுக்கு அங்கேதான் கிடைக்கிறது, 'குடிமகன் என்று சொல்லிக்கொள்பவர்' என்ற தலைப்புக்குக் கீழே.